வெளிநாட்டுப் பணியும் வரிக்கான வசிப்பு நிலையும்

"மகன் துபாயில் இருக்கிறான். மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். அதற்கு நாங்கள் வரி கட்ட வேண்டுமா?"

வங்கிக் கிளைகளில் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான மேசையில் அமர்ந்திருப்போர் இந்தக் கேள்வியை வாரம் ஒருமுறையேனும் எதிர்கொள்கின்றனர். விடை எளியது. பெற்றோருக்கு மகன் அனுப்பும் பணம் பெற்றோரின் வருமானம் அன்று. நெருங்கிய உறவினர் தரும் தொகைக்குச் சட்டமே விலக்களித்துள்ளது. ஆயினும் இக்கேள்விக்குப் பின்னால் கேட்கப்படாத இன்னொரு கேள்வி இருக்கிறது. மகன் ஈட்டும் ஊதியத்துக்கு இந்தியாவில் வரி உண்டா? இதற்கு விடை, அவர் இந்தியக் குடிமகனா என்பதைப் பொறுத்ததன்று. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததும் அன்று. அந்த நிதியாண்டில் அவர் இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தார் என்பதையே முதன்மையாகப் பொறுத்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் தன் குடிமக்கள் உலகின் எம்மூலையில் இருந்தாலும் அவர்களிடம் வரிக்கணக்குக் கேட்கிறது. இந்தியா அந்த வழியைப் பின்பற்றவில்லை. நம் சட்டம் வசிப்பை அடிப்படையாகக் கொண்டது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 6ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இந்த அடிப்படையை மாற்றவில்லை. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று தலைமுறை தலைமுறையாக மக்களைக் குழப்பி வந்த இரட்டைச் சொற்களுக்குப் பதிலாக 'வரி ஆண்டு' என்னும் ஒரே சொல் வந்திருப்பது வரவேற்கத்தக்கது.

பொங்கலுக்கு வந்த பத்து நாள்

விதிகளை விளக்குமுன் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கற்பனையானதுதான், ஆனால் இதுபோன்றவை நடவாதவை அல்ல.

திருச்சியைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவருக்கு வளைகுடா நாடொன்றில் வேலை கிடைக்கிறது. 2024 செப்டம்பர் 20 அன்று விமானம் ஏறுகிறார். ஏப்ரல் 1 முதல் அந்நாள் வரை கணக்கிட்டால் அவர் இந்தியாவில் இருந்தது 173 நாள். வேலைக்காக நாட்டை விட்டுச் செல்லும் இந்தியக் குடிமகனுக்கு, புறப்படும் ஆண்டில் எல்லை 182 நாள். 173 அதற்குக் குறைவு என்பதால் அவர் அந்த நிதியாண்டுக்கு 'வசிக்காதவர்' ஆகிறார். செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை அங்கே ஈட்டும் ஊதியத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இதுவரை எல்லாம் நலமே.

புது வேலையில் ஜனவரியில் பத்து நாள் விடுப்புக் கிடைக்கிறது. பொங்கலைக் குடும்பத்தோடு கொண்டாட 2025 ஜனவரி 11 அன்று வந்து 20 அன்று திரும்புகிறார். வந்த நாளையும் சென்ற நாளையும் சேர்த்துப் பத்து நாள். 173உடன் 10 சேர்ந்தால் 183. எல்லையைத் தாண்டிவிட்டார். அந்த நிதியாண்டு முழுமைக்கும் அவர் 'வசிப்பவர்'. அதற்கு முந்தைய ஆண்டுகளிலெல்லாம் இந்தியாவிலேயே இருந்தவர் என்பதால் முழுமையான வசிப்பவர். உலகில் எங்கு ஈட்டிய வருமானமும் இந்திய வரிக்கணக்கில் சேர வேண்டும். அவர் பணிபுரியும் நாட்டில் தனிநபர் வருமான வரியே இல்லை. ஆகவே அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆறு மாத ஊதியத்துக்கு இந்திய வரி விகிதத்தில் வரி செலுத்தும் நிலை. அந்தப் பயணத்தை இரண்டு நாள் சுருக்கியிருந்தால், அதாவது ஜனவரி 18 அன்று திரும்பியிருந்தால், மொத்தம் 181 நாள், இச்சிக்கலே எழுந்திராது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தியச் சட்டம் ஓர் ஆண்டை இரண்டாகப் பிரிப்பதில்லை என்பது. 'செப்டம்பர் வரை வசிப்பவர், அதன்பின் வசிக்காதவர்' என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் பிரிட்டன் போன்ற நாடுகளில் உண்டு. இங்கே ஆண்டு முழுவதற்கும் ஒரே நிலைதான். ஒரு நாள் கூடினாலும் முழு ஆண்டும் மாறிவிடும்.

ஏப்ரல் 1 முதல் எண்ணினால் 182ஆவது நாள் செப்டம்பர் 29. வேலைக்குச் செல்வோர் செப்டம்பர் 28க்குள் புறப்பட்டு, மார்ச் 31 வரை தாய்நாடு திரும்பாதிருந்தால் அவ்வாண்டுக்கு வசிக்காதவரே. அக்டோபரில் புறப்படுவோர் அவ்வாண்டுக்கு வசிப்பவராகவே இருப்பர் என்பதை முன்னரே அறிந்து, வரிக்கான தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. புறப்படும் தேதியை நிறுவனமே முடிவு செய்யும்போது நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் முதல் விடுப்பின் தேதி பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

வந்த நாளும் சென்ற நாளும் கணக்கில் சேருமா என்பதில் தீர்ப்பாயங்கள் எல்லாக் காலத்திலும் ஒரே கருத்தைக் கொண்டிருக்கவில்லை. வந்து இறங்கிய நாளை விட்டுவிடலாம் என்று சில தீர்ப்புகள் கூறியுள்ளன. ஆனால் நீதிமன்றத்தில் வாதாடி வெல்ல வேண்டிய ஒரு நாளை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பது அறிவுடைமை ஆகாது. இரண்டு நாள்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

அடிப்படை விதி

பொதுவாக ஒருவர் ஒரு நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் அவர் வசிப்பவர். இது முதல் அளவுகோல். இரண்டாவது: அவ்வாண்டில் 60 நாளாவது இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளாவது இருந்தால் அப்போதும் வசிப்பவர். இவ்விரண்டில் எதுவும் பொருந்தாதவர் வசிக்காதவர்.

இந்த 60 நாள் விதி வெளிநாட்டில் பணிபுரிவோரைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் சட்டம் இரண்டு சலுகைகளைத் தருகிறது. வேலைக்காக வெளியேறும் ஆண்டில் இந்தியக் குடிமக்களுக்கு 60 என்பது 182 ஆகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு தாய்நாட்டுக்கு வருகை புரியும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அதேபோல 182 ஆகிறது. 'வேலை' என்பது பிறரிடம் சம்பளத்துக்குப் பணிபுரிவது மட்டுமன்று, சொந்தத் தொழில் தொடங்கச் செல்வதையும் அது உள்ளடக்கும் எனக் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கப்பலில் பணிபுரிவோருக்குத் தனி விதி உண்டு. அவர்களின் பணிச் சான்றேட்டில் கப்பலில் சேர்ந்ததாகவும் விலகியதாகவும் பதிவாகும் தேதிகளைக் கொண்டே நாள்கள் கணக்கிடப்படுகின்றன.

இந்த 365 நாள் நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு ஒன்றரை மாதம், அதாவது 45 நாள் விடுப்பில் வந்துபோகும் ஒருவர் நான்கு ஆண்டுகளில் இந்தியாவில் இருப்பது 180 நாளே. 365ஐத் தொடுவதற்குச் சராசரியாக ஆண்டுக்கு 91 நாளுக்கு மேல் இங்கே இருக்க வேண்டும். எனவே ஆண்டு விடுப்பில் மட்டும் வந்து செல்லும் பெரும்பாலான பணியாளர்களுக்கு 60 நாளா, 120 நாளா என்னும் விவாதமே எழுவதில்லை. அவர்களுக்கு 182 நாள் என்னும் ஒரே எல்லைதான் பொருந்தும். வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் அச்சங்களில் பாதி, இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே அகன்றுவிடும்.

2020ஆம் ஆண்டின் மாற்றம்

2020 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கை வளைகுடாவில் பணிபுரியும் இலட்சக்கணக்கான குடும்பங்களில் பதற்றத்தை ஏற்படுத்தியது. வேறெந்த நாட்டிலும் வரி செலுத்தக் கடமைப்படாத இந்தியக் குடிமகன் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார் என்று அது முன்மொழிந்தது. சவுதியிலோ கத்தாரிலோ ஒரு நாள்கூட விடுப்பில் வராமல் உழைப்பவரும் இந்தியாவில் வரி கட்ட வேண்டுமா என்னும் கேள்வி எழுந்தது. மறுநாளே அரசு விளக்கம் அளித்தது. வெளிநாட்டில் உண்மையாகப் பணிபுரிவோரின் அங்கு ஈட்டிய ஊதியத்துக்கு வரி விதிப்பது நோக்கமன்று என அது தெளிவுபடுத்தியது. மார்ச்சில் சட்டமாக நிறைவேறியபோது 15 இலட்சம் ரூபாய் என்னும் வரம்பும் சேர்க்கப்பட்டது.

இப்போதுள்ள நிலை இது. ஒருவருக்கு வெளிநாட்டு வருமானம் நீங்கலாக, இந்தியாவில் வாடகை, வட்டி, ஈவுத்தொகை, மூலதன ஆதாயம் போன்றவற்றால் வரும் மொத்த வருமானம் ஓராண்டில் 15 இலட்சத்தைத் தாண்டினால்தான் புதிய விதிகள் பொருந்தும். வரிவிலக்குப் பெற்ற என்.ஆர்.இ. கணக்கு வட்டி இந்த 15 இலட்சத்தில் சேராது. வரம்பைத் தாண்டியவருக்கு இரண்டு மாற்றங்கள் உண்டு. ஒன்று, வருகையின்போது 182 நாள் என்பது அவருக்கு 120 நாளாகக் குறைகிறது; முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் என்னும் நிபந்தனை அவருக்கும் உண்டு. மற்றொன்று, வேறெந்த நாட்டிலும் குடியிருப்பின் அடிப்படையில் வரி செலுத்தக் கடமைப்படாத இந்தியக் குடிமகனாயின், அவர் ஒரு நாள்கூட இங்கே வாராவிடினும் வசிப்பவராகக் கருதப்படுவார்.

இங்கே பலர் பாதியில் படிப்பதை நிறுத்திவிடுகின்றனர். 120 நாளைத் தாண்டி 182ஐத் தொடாதவரும், ஒரு நாளும் வாராமல் வசிப்பவராகக் கருதப்படுபவரும் முழுமையான வசிப்பவர் அல்லர். 'வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர்' என்னும் இடைநிலையில் அவர்களைச் சட்டம் வைக்கிறது. வங்கிகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் ஆர்.என்.ஓ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வது இதையே. இந்நிலையில் இருப்பவரின் வெளிநாட்டு ஊதியத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தியாவிலிருந்து நிர்வகிக்கப்படும் தொழிலிலிருந்தோ, இங்கே அமைக்கப்பட்ட தொழிற்பணியிலிருந்தோ வெளிநாட்டில் வரும் வருமானத்துக்கு மட்டுமே வரி உண்டு. சென்னையில் அமர்ந்து ஒருவரின் உறவினர்கள் முடிவெடுக்க, துபாயில் அவர் பெயரில் நடக்கும் வணிகத்தை இவ்விதி நோக்குகிறது. கொத்தனாரையோ செவிலியரையோ மென்பொருள் பொறியாளரையோ அது நோக்குவதில்லை.

அப்படியானால் 15 இலட்ச வரம்பைத் தாண்டியவருக்கு இழப்பே இல்லையா? உண்டு. ஆர்.என்.ஓ.ஆர். ஆகும் ஆண்டு, வசிப்பவர் ஆண்டாகவே எண்ணப்படும். வசிக்காதவருக்கு மட்டும் உரிய சில சலுகைகள் அவ்வாண்டுக்குக் கிடைக்கா. மேலும், நிரந்தரமாகத் தாயகம் திரும்பும்போது அவருக்குக் கிடைக்கக்கூடிய சலுகைக் காலத்துக்கான ஓர் அளவுகோல் இதனால் பாதிக்கப்படும். அதைக் கீழே காண்போம்.

வங்கிக் கணக்குக்கு வேறு சட்டம்

வருமான வரிச் சட்டம் நாள்களை எண்ணுகிறது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமாகிய ஃபெமாவோ நோக்கத்தைப் பார்க்கிறது. வேலைக்காக ஒருவர் வெளிநாடு செல்லும் நாளிலிருந்தே ஃபெமாவின்படி அவர் இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர். டிசம்பரில் புறப்படுபவர் அவ்வாண்டு வருமான வரிக்கு வசிப்பவர், ஃபெமாவுக்கு வசிக்காதவர். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. இரண்டு சட்டங்கள் இரண்டு நோக்கங்களுக்காக இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கின்றன.

ஆகவே புறப்பட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, வங்கிக்குத் தெரிவிப்பது. உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டு ஊதியத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்குத் தொடங்கலாம். இதைத் தள்ளிப்போடுவோர் பலர். 'ஏடிஎம் அட்டை வேலை செய்கிறது, அப்பா பார்த்துக்கொள்கிறார்' என்று ஆண்டுகள் ஓடிவிடும். அக்கணக்கின் வைப்புத்தொகைக்கு வங்கி உள்நாட்டவருக்கு உரிய 10 விழுக்காட்டிலேயே வரி பிடித்துக்கொண்டிருக்கும். வசிக்காதவருக்குப் பிடிக்க வேண்டியது 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும். தந்தையார் அறியாமல் 15ஜி படிவத்தில் மகனுக்காகக் கையொப்பம் பெற்றுத் தருவதும் உண்டு. அப்படிவம் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வசிக்காதவர் அதைத் தந்தால் அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடும்.

என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரிவிலக்கு, ஃபெமாவின்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு உரியது. எஃப்.சி.என்.ஆர். வைப்பின் வட்டிக்கு விலக்கு, வருமான வரிச் சட்டப்படி வசிக்காதவருக்கும் ஆர்.என்.ஓ.ஆர். நிலையினருக்கும் உரியது. என்.ஆர்.ஓ. வட்டிக்கு விலக்கு எதுவும் இல்லை. ஒரு இலட்சம் ரூபாய் வட்டி வந்தால் 31,200 ரூபாய் மூலத்திலேயே பிடிக்கப்படும். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பிடித்தத்தையே குறைக்க வேண்டுமாயின் வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே சான்றிதழ் பெற வேண்டும். அல்லது இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தை நாட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தத்தில் இத்தகைய வட்டிக்கு வரி 12.5 விழுக்காடு, சிங்கப்பூருடனான ஒப்பந்தத்தில் 15. இதற்கு அந்நாட்டு வரி அதிகாரிகள் தரும் வசிப்புச் சான்றிதழும், இணையவழி அளிக்க வேண்டிய 10எஃப் படிவமும் தேவை. அமீரக ஒப்பந்தத்தின்படி அங்கே வசிப்பவராக ஏற்கப்பட ஒருவர் நாட்காட்டி ஆண்டில் 183 நாளாவது அங்கிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்களின் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது. புறப்பட்ட ஆண்டில் இந்த இடைவெளி பலரை இடறச் செய்கிறது.

ஒருவர் ஒரே ஆண்டில் இரு நாடுகளிலும் வசிப்பவராகிவிட்டால் என்ன செய்வது? ஒப்பந்தங்களின் நான்காவது பிரிவு இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. நிலையான வீடு எங்கே உள்ளது என்பது முதல் கேள்வி. இரு நாட்டிலும் இருந்தால், குடும்பமும் பொருளாதார உறவுகளும் எங்கே நெருக்கமாக உள்ளன என்பது. அதுவும் தீராவிட்டால் வழக்கமாக எங்கே தங்குகிறார் என்பது, அதன்பின் குடியுரிமை, இறுதியாக இரு நாட்டு அதிகாரிகளின் உடன்பாடு. மனைவி மக்களைத் தஞ்சாவூரில் சொந்த வீட்டில் விட்டுவிட்டு, நிறுவனம் தந்த பொது விடுதியில் படுக்கை ஒன்றில் தங்கி உழைக்கும் ஒருவருக்கு இந்த வரிசை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று. நாள் எண்ணிக்கையில் கவனமாக இருக்கச் சொல்வது இதனாலும்தான்.

ஊதியம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதும் முக்கியம். வசிக்காதவருக்கும் இந்தியாவில் 'பெறப்பட்ட' வருமானத்துக்கு வரி உண்டு. வெளிநாட்டு நிறுவனம் ஊதியத்தை நேரடியாக இந்தியக் கணக்கில் செலுத்தினால், அது இங்கே பெறப்பட்டது என்னும் வாதத்துக்கு இடம் ஏற்படுகிறது. கப்பற்பணியாளர்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் கப்பலில் ஈட்டிய ஊதியம் என்.ஆர்.இ. கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்னும் காரணத்துக்காக மட்டும் வரி விதிக்கக் கூடாது என மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017இல் சுற்றறிக்கை வெளியிட்டது. மற்றவர்கள் பணிபுரியும் நாட்டுக் கணக்கில் ஊதியத்தைப் பெற்று, பின்னர் இங்கே அனுப்புவதே பாதுகாப்பானது. இந்திய வங்கியின் இதழில் இப்படி எழுதுவது சற்று முரணாகத் தோன்றலாம். என்றாலும் வாடிக்கையாளரின் நலனே முதன்மை.

திரும்பி வரும் ஆண்டு

நீண்ட நாள் பணிபுரிந்தோருக்கு, புறப்பட்ட ஆண்டைவிடத் திரும்பும் ஆண்டே அதிகப் பொருள் மதிப்புடையது. காரணம், அதற்குள் வெளிநாட்டில் வைப்புத்தொகை, பங்குகள், ஓய்வூதிய நிதி என ஏதேனும் சேர்ந்திருக்கும். திரும்பியவுடன் அவற்றின் வருமானம் முழுவதும் இந்திய வரிக்கு உட்பட்டுவிடாமல் காப்பது ஆர்.என்.ஓ.ஆர். நிலைதான். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வசிக்காதவராக இருந்தவர், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவர் இந்நிலைக்கு உரியவர். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும்.

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள். ஆண்டுக்கு 45 நாள் வந்துபோனவர்கள். முதலாமவர் 2025 ஜூன் 10 அன்று நிரந்தரமாகத் திரும்புகிறார். 2025-26இல் அவர் இந்தியாவில் இருப்பது 295 நாள், வசிப்பவர். முந்தைய ஏழு ஆண்டுகளில் இருந்தது 315 நாளே என்பதால் ஆர்.என்.ஓ.ஆர். அடுத்த ஆண்டில் பின்னோக்கிய ஏழு ஆண்டுக் கணக்கு 565 நாள், அப்போதும் அந்நிலையே. மூன்றாம் ஆண்டான 2027-28இல் அக்கணக்கு 885 ஆகிவிடுகிறது. பத்தில் ஒன்பது என்னும் விதியும் பொருந்தவில்லை. முழுமையான வசிப்பவர் ஆகிறார்.

இரண்டாமவர் அவ்வாண்டு விடுப்பில் வாராமல், 2026 ஜனவரி 20 அன்று திரும்புகிறார். மார்ச் இறுதிவரை 71 நாள். 60ஐத் தாண்டிவிட்டாலும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 180 நாளே இருந்தவர் என்பதால் 2025-26இல் அவர் வசிக்காதவர். 2026-27இல் ஆர்.என்.ஓ.ஆர். 2027-28இல் ஏழு ஆண்டுக் கணக்கு 661 நாள், இன்னும் ஆர்.என்.ஓ.ஆர். அவருடைய வெளிநாட்டு வருமானம் 2028 மார்ச் வரை இந்திய வரிக்கு வெளியே நிற்கிறது. முதலாமவருக்கோ 2027 மார்ச்சுடன் அது முடிந்துவிட்டது. திரும்பும் மாதம் ஒன்றே ஓர் ஆண்டுச் சலுகையைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது.

ஒரு நுட்பம் இங்கே உண்டு. 182 நாள் என்னும் வருகைச் சலுகை, வருகை தருவோருக்குத்தான்; நிரந்தரமாகத் திரும்புபவர் 'வருகை' புரிந்தார் என்று கூற இயலாது. ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் வந்துபோய்க்கொண்டிருந்த ஒருவர் ஜனவரியில் நிரந்தரமாகத் திரும்பினால், 60 நாள் விதியின்கீழ் அவ்வாண்டே வசிப்பவர் ஆகக்கூடும். அவர் பிப்ரவரியில் திரும்புவது நலம்; 60 நாளுக்குள் நிதியாண்டு முடிந்துவிடும். 15 இலட்ச வரம்பினால் சில ஆண்டுகள் வசிப்பவராகக் கருதப்பட்டவருக்குப் பத்தில் ஒன்பது என்னும் அளவுகோல் கைநழுவியிருக்கும். அவர் 729 நாள் அளவுகோலை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கையும் பெற்றோரின் உடல்நிலையும் முடிவு செய்யும் பயணத்தை வரிக்காக மாற்றச் சொல்வதற்கில்லை. தேதி நம் விருப்பத்தில் இருக்கும்போது மட்டும் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

திரும்பியபின் ஃபெமாவின்படி நிலை உடனே மாறிவிடும். என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றவோ, அத்தொகையை ஆர்.எஃப்.சி. எனப்படும் வசிப்பவர் அந்நியச் செலாவணிக் கணக்குக்குக் கொண்டுசெல்லவோ வேண்டும். அந்நாள் முதல் என்.ஆர்.இ. வட்டிக்கான விலக்கு முடிந்துவிடுகிறது. ஆர்.எஃப்.சி. வட்டிக்கோ ஆர்.என்.ஓ.ஆர். நிலை நீடிக்கும் வரை விலக்கு உண்டு. எஃப்.சி.என்.ஆர். வைப்பை முதிர்வுவரை தொடரலாம்.

முழுமையான வசிப்பவர் ஆன ஆண்டிலிருந்து, வெளிநாட்டில் உள்ள வங்கிக் கணக்குகளையும் சொத்துகளையும் வரிக்கணக்கில் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். வருமானம் வாராத கணக்காயினும் காட்ட வேண்டும். தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 இலட்சம் ரூபாய்க்கு மிகாத வெளிநாட்டுச் சொத்துகளுக்கு இத்தண்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. மறந்துபோன பழைய ஊதியக் கணக்கு ஒன்று மஸ்கட்டிலோ தோஹாவிலோ உறங்கிக்கொண்டிருந்தால், திரும்புமுன் மூடிவிட்டு வருவது எளிது. இங்கிருந்துகொண்டு மூடுவது அவ்வளவு எளிதன்று.

பதிவேடுகள்

வசிப்பு நிலையை மெய்ப்பிக்கும் பொறுப்பு வரி செலுத்துவோருடையது. கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளே முதல் ஆதாரம். ஆனால் தானியங்கி வாயில்கள் வந்துவிட்ட விமான நிலையங்களில் முத்திரை விழாமலே கடந்து செல்ல நேர்கிறது. ஆகவே ஒவ்வொரு பயணத்தின் விமான ஏறுசீட்டையும் படமெடுத்து, தேதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது பழையதன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வையுங்கள். ஏழு ஆண்டுக் கணக்கும் பத்து ஆண்டுக் கணக்கும் கேட்கப்படும்போது அப்பக்கங்கள்தாம் பேசும். பணி ஒப்பந்தம், விசாப் பக்கம், வெளிநாட்டு ஊதியச் சீட்டு ஆகியவற்றையும் உடன் சேர்த்து வையுங்கள்.

கணக்குத் தாக்கல் செய்யும்போது வசிக்காதவரும் ஆர்.என்.ஓ.ஆர். நிலையினரும் ஐ.டி.ஆர்.-1 படிவத்தைப் பயன்படுத்த இயலாது. தொழில் வருமானம் இல்லாதோருக்கு ஐ.டி.ஆர்.-2 உரியது. அதில் வசிப்பு நிலைக்கான கட்டத்தில் எந்தக் காரணத்தால் இந்நிலை என்பதைத் தேர்ந்தெடுத்து, இந்தியாவில் இருந்த நாள்களையும் குறிப்பிட வேண்டும். ஊரில் உள்ளவர் ஒருவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து 'வழக்கம்போல் போட்டுவிடுங்கள்' என்று சொல்வோர், சென்ற ஆண்டு அந்தக் கட்டத்தில் எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.